உயிர் பிழைத்த ஏழு

அக்டோபர் கடைசிச் சனி. துர்க்கு துறைமுகத்தில்
மழையா பனியா என்று முடிவெடுக்காத ஏதோ ஒன்று
ஜன்னலில் ஒட்டுகிறது.
சர்வரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்:
என் நிரலைக் கெடு.
ஒரு சமயத்துக்கு ஒரு கெடுதல்.
கூட்டலைக் கழித்தலாக்கு. உண்டு என்பதை இல்லையாக்கு.
'விட அதிகம்' இருக்கும் இடத்தில்
'அல்லது சமம்' என்று ஒரு கோடு சேர்.
என் டெஸ்ட்டுகளில் ஒன்றாவது
திருடன் என்று கத்துகிறதா பார்.

தீவுகளுக்குப் போகும் ஃபெர்ரி.
கார் தளத்தில் எவ்வளவு ஏறலாம், எப்போது புறப்படலாம்,
சொல்வது நாங்கள்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட். எல்லாம் பச்சை.
'வரிகளில் தொண்ணூற்றேழு சதவீதம் தொட்டாயிற்று'
என்று குனெல் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.
தொட்டது உண்மை,
நெரிசல் பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோளைத் தொடுவது போல.
அவர் எங்கே இறங்குவார் என்று
தோளுக்குத் தெரியுமா?

பன்னிரண்டே காலுக்கு முடிவு வந்தது.
கெடுத்தவை அறுநூற்று மூன்று.
உயிர் பிழைத்தவை ஏழு.

முதலாவது, எடை வரம்பு.
நூற்றிருபது டன்னைத் தாண்டினால் கதவை மூடு.
சரியாக நூற்றிருபதிலும் மூடு என்று மாற்றிப் பார்த்திருக்கிறது.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
டெஸ்ட்டைத் திறந்தேன். அறுபது டன், இருநூறு டன்.
எழுதியது நான்தான்.
விளிம்பின் மேலேயே நின்று பார்க்க
மூன்று வருடமாகத் தோன்றவில்லை.

அடுத்த நாலும் எடைமேடை.
நிஜ எடைமேடை கரையில் உப்புக்காற்று தின்கிறது.
டெஸ்ட்டுக்குள் உட்காரவைத்தது ஒரு போலியை, ஓர் ஆமாம் சாமியை.
லாரியா? சரி. காலி டிரெய்லரா? சரி.
கப்பலே முழுகினாலும் சரி.
அவனிடம் என்ன கேட்டோம் என்பதைக்கூட
நாங்கள் சோதிக்கவில்லை.

ஆறாவதுக்கு உதாரணம் யோசிப்பதை விட்டேன்.
நிரலும் நான், உதாரணமும் நான்.
எனக்குத் தெரியாதது இரண்டுக்கும் தெரியாது.
விதியை மட்டும் எழுதினேன்:
எந்த வரிசையில் ஏற்றினாலும் மொத்தம் ஒன்றே.
எண்களை நீயே வாரி இறைத்துக்கொள்.
நாற்பத்தெட்டு வண்டிகளோடு தோற்றது.
பிறகு தோல்வியைச் செதுக்கத் தொடங்கியது.
இருபது வண்டி, இன்னும் தோல்வி. ஐந்து, இன்னும்.
கடைசியில் திரையில் மிஞ்சியவை
ஒரு லாரி,
அதன் பின்னால் எடை பூஜ்யம் என்று பதிவான
ஒரு சைக்கிள்.
சிரித்துவிட்டேன், ஆளில்லாத அலுவலகத்தில்.

ஏழாவது, கடிகாரம்.
ஒரு மணி நேரத்தைத் திருடினாலும் பச்சை.
காக்க வேண்டிய டெஸ்ட்டின் வாயைக் கட்டியிருந்தான் தெர்ஹோ:
'சில சமயம் தோற்கிறது. நம்ப வேண்டாம்.'
அன்று நானும் தலையாட்டியவள்தான்.
பழைய பதிவுகளைத் தோண்டினேன்.
தோற்ற நாட்கள்: மார்ச் கடைசிச் சனி,
அக்டோபர் கடைசிச் சனி,
மறுபடி மார்ச்.
ஜன்னலைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன்.
இன்று நாலு மணிக்கு முள் மூன்றுக்குத் திரும்பும்.
மூன்றரை ஃபெர்ரி
அட்டவணையில் இரண்டு முறை புறப்படும்.

துறைமுகத்துக்குப் போன் போட்டேன்.
இரவுப் பணியில் ஹில்யா. கொட்டாவியோடு சொன்னாள்:
"வருஷா வருஷம் அப்படித்தானே?
பென்சிலால் ஒன்றை அடித்துவிடுவோம்."

கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி
டெஸ்ட்டின் கையில் கொடுத்தேன்.
இனி மணி என்ன என்று அது சொல்லும், நிரல் கேட்கும்.
இரண்டு பெயர் வைத்தேன்:
மூன்றரை, முதல் தடவை.
மூன்றரை, இரண்டாம் தடவை.
ஓட்டினேன்.
சிவப்பு.
நாற்காலியை இழுத்துப்போட்டு
அது சொல்வதை முழுதாகப் படித்தேன்.

தெர்ஹோவுக்கு எழுதலாமென்று எடுத்த போனை
வைத்துவிட்டேன்.
ஒவ்லுவில் தூங்கிக்கொண்டிருப்பான்,
இன்று மட்டும்
ஒரு மணி நேரம் கூடுதலாக.